பழைய பல்ப் இதழ், காமிக்ஸ் அட்டைப்படங்கள்: டர்பன் வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

சாட்ஸ்வர்த்திலோ பீனிக்ஸிலோ ஒரு வீட்டைக் காலி செய்யும்போது, தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய துணிக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் கிடைக்கும். முகமூடிக்காரன், விண்கலம், துப்பாக்கியோடு ஒரு தொப்பிக்காரன். உள்ளே படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அந்த அட்டைகளைத் தூக்கிப் போடவும் மனம் வராது. அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

பல்ப் இதழ் என்றால் என்ன? காமிக்ஸிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

பல்ப் என்பது மரக்கூழ். 1896-இல் அமெரிக்காவில் ஃபிராங்க் மன்சி தன் 'ஆர்கஸி' இதழை முழுக்க முழுக்கக் கதை இதழாக்கி, கிடைத்ததிலேயே மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சிட்டார். அந்த வகை 1950-களின் நடுவில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. ஏறத்தாழ 7க்கு 10 அங்குலம், பெரும்பாலும் 128 பக்கம். உள்ளே எல்லாம் எழுத்துதான். நடுநடுவே கறுப்பு மையில் சில ஓவியங்கள். வண்ணம் அட்டையில் மட்டும்.

புத்தகத்தைத் திறக்காமலே அறிய ஒரு வழி உண்டு. முதுகைப் பாருங்கள். காமிக்ஸில் இரண்டு கம்பிப் பின்கள் அட்டையையும் துளைத்துக்கொண்டு, மடிப்பின் மேலேயே தெரியும். பல்பில் பின் தெரியாது. உள்தாள்களைப் பக்கவாட்டில் பின் அடித்துக் கட்டிய பிறகு, அட்டையைத் தனியாக முதுகில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பல்ப் அட்டை உள்தாளைவிடக் கொஞ்சம் அகலமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் கிழிவதும் மடங்குவதும் அந்த நீட்டம்தான்.

அட்டை பளபளவென்று இருக்கிறது, உள்தாள் மட்டும் பழுத்து உதிர்கிறதே?

இரண்டும் வேறு வேறு காகிதம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே புரியும்.

உள்தாள், மரத்தை அரைத்து, அதன் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளை நீக்காமலே செய்தது. லிக்னின் வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுக்கும். தாளில் சேர்த்த படிகாரம் அமிலமாகி நார்களை அறுக்கும். அட்டையோ நல்ல கூழில் செய்து, மேலே வெள்ளைக் களிமண் பூசி வழவழப்பாக்கிய தாள். பூச்சு இல்லாவிட்டால் நான்கு வண்ணப் புள்ளிகள் தாளுக்குள் ஊறிப் படம் மங்கிவிடும். ஆகவே அட்டை நீண்ட நாள் நிற்கும். ஆனால் அதன் எதிரி தண்ணீர். நனைந்தால் களிமண் பூச்சே பசையாகிவிடும். உள்தாளுக்கு எதிரி வெப்பமும் அமிலமும். ஒரே புத்தகத்தில் இரண்டு நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படங்களை யார் வரைந்தார்கள்?

பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில், கேன்வாஸில், அச்சு அளவைவிடப் பல மடங்கு பெரிதாக வரைந்தவை. தலைப்பு வருகிற மேல்பகுதியை ஓவியர் வேண்டுமென்றே காலியாகவோ ஒரே நிறமாகவோ விட்டிருப்பார். தலைப்பை மறைத்துப் பார்த்தால் வெறும் வானம் மட்டும் இருக்கும்.

சில பெயர்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1926 ஏப்ரலில் வந்த 'அமேசிங் ஸ்டோரிஸ்' முதல் இதழின் அட்டை ஃபிராங்க் ஆர். பால் வரைந்தது. கட்டடக்கலை படித்தவர் என்பதால் அவருடைய இயந்திரங்களில் ஆணி முதற்கொண்டு இருக்கும். மனிதர்கள்தாம் பொம்மை மாதிரி. 1933 மார்ச் 'டாக் சாவேஜ்' முதல் அட்டை வால்டர் பாம்ஹோஃபர் கைவண்ணம். 'தி ஷேடோ'வின் மிகப் பல அட்டைகள் ஜார்ஜ் ரோசனுடையவை. 'வியர்ட் டேல்ஸ்' இதழுக்கு 1930-களில் தொடர்ந்து வரைந்த மார்கரெட் பிரண்டேஜ், எண்ணெய் வண்ணம் இல்லாமல் பேஸ்டல் சுண்ணத்தில் வரைந்தார். அச்சில் தோலின் நிறம் பொடி தூவியதுபோல மிருதுவாக இருந்தால் அவர் பெயரை நினைவில் கொள்ளுங்கள். கையெழுத்து 'எம். பிரண்டேஜ்' என்று இருக்கும். ஒரு பெண் வரைந்தது என்று அன்றைய வாசகர் பலருக்குத் தெரியாது.

அட்டை முதலில், கதை பிறகு என்பதும் நடந்தது. 1931-இல் 'தி ஷேடோ' முதல் இதழுக்குக் கையில் இருந்த ஒரு பழைய ஓவியத்தையே அட்டையாகப் போட்டார்கள். அதில் சீன உடையில் ஓர் ஆள் இருந்ததால், அதற்கு ஏற்றபடி கதையில் சீனத் தொடர்பு ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

கையெழுத்து இல்லாத அட்டையின் ஓவியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கீழ் மூலைகள் இரண்டையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அச்சுக்கு வெட்டும்போது பாதி போன கையெழுத்து அங்கே இருக்கக்கூடும். அடுத்து உள்ளே பொருளடக்கப் பக்கம். சில இதழ்கள் அங்கே ஓவியர் பெயரைப் போட்டன. பிறகு இதழ் பெயர், மாதம், ஆண்டு மூன்றையும் கொண்டு இணையத்தில் 'கிராண்ட் காமிக்ஸ் டேட்டாபேஸ்' போன்ற பட்டியலில் தேடுங்கள். அங்கே பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அது ஊகம்; நீங்கள் எழுதும்போது அந்தக் கேள்விக்குறியை விட்டுவிடாதீர்கள்.

அட்டையில் தேதி இல்லை. எந்த ஆண்டு என்று எப்படிச் சொல்வது?

விலையைப் பாருங்கள். தென்னாப்பிரிக்கா 1961 பிப்ரவரி 14 அன்று பவுண்டை விட்டு ராண்டுக்கு மாறியது. ஒரு ஷில்லிங் 10 சென்ட் ஆயிற்று, ஆறு பென்ஸ் 5 சென்ட். எனவே அட்டையில் தென்னாப்பிரிக்க விலை சென்ட்டில் இருந்தால் அந்த நாளுக்கு முந்தியதாக இருக்க முடியாது.

பிரிட்டிஷ் வார இதழ்களில் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அவை பல நாட்டு விலைகளை அட்டையில் வரிசையாகப் போடும். ஆஸ்திரேலியா சென்ட்டுக்கு மாறியது 1966 பிப்ரவரி 14. நியூசிலாந்து 1967 ஜூலை 10. ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) 1970 பிப்ரவரி. பிரிட்டன் 1971 பிப்ரவரி 15. இப்போது ஓர் அட்டையை எடுங்கள்: ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்ட், ரொடீசியாவுக்கு இன்னும் ஷில்லிங் என்றால் அது 1967 ஜூலைக்கும் 1970 பிப்ரவரிக்கும் நடுவில் வந்தது. ஓர் எழுத்தும் படிக்காமல் இரண்டரை ஆண்டுக்குள் வந்துவிட்டோம்.

அட்டை கிழிந்திருந்தால் கடைசிப் பக்கத்தின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். விற்பனை முகவர் பெயர்கள் அங்கே இருக்கும். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்ட்ரல் நியூஸ் ஏஜென்சி, அதற்குப் பிறகு 'ரொடீசியா அண்ட் ஸாம்பியா: கிங்ஸ்டன்ஸ்' என்று வந்தால், ஸாம்பியா என்ற நாடு 1964 அக்டோபர் 24-இல்தான் பிறந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸாம்பியாவுக்குப் பதில் நியாசாலாந்து (இன்றைய மலாவி) இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்கக் காமிக்ஸும் சென்ட்தான், நம் ஊர் விலையும் சென்ட்தான். நடுவே கோடு போட்ட சென்ட் குறி இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க விலை. அதை ராண்ட் கணக்கில் சேர்க்கக் கூடாது. அமெரிக்க விலைக்குத் தனிக் கணக்கு: வழக்கமான காமிக்ஸ் 1961 கடைசி வரை 10 சென்ட், பிறகு 12, 1969-இல் 15, 1971-இல் 20. அந்த இதழ்களின் அட்டையில் உள்ள மாதமும் வெளிவந்த மாதம் அல்ல. கடையில் அதிக நாள் புதிதாகத் தெரியட்டும் என்று இரண்டு மூன்று மாதம் முன்தேதி போடுவார்கள். கப்பலில் டர்பன் துறைமுகம் வந்து சேர இன்னும் சில வாரம்.

தாத்தாவிடம் 'இரும்புக்கை மாயாவி'யும் இருந்தது, ஆங்கில 'ஸ்டீல் கிளா'வும் இருந்தது. இரண்டும் ஒன்றா?

கதை ஒன்றேதான். 'ஸ்டீல் கிளா' 1962 அக்டோபரில் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அதே நாயகனைச் சிவகாசி முத்து காமிக்ஸ் 1972-இல் தன் முதல் வெளியீட்டிலேயே தமிழில் கொண்டுவந்தது.

அட்டைகள்தாம் வேறு. வார இதழில் அந்தக் கதைக்கென்று தனி அட்டை கிடையாது. ஒரே இதழில் பல தொடர்கள் ஓடின. தனிப் புத்தகமாக வரும்போதுதான் அட்டை தேவைப்படுகிறது. 1967-இல் வந்த ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி புத்தகங்களுக்கு வண்ண அட்டை உண்டு. அவற்றோடு தமிழ் அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் என்பதுதான் கதையின் முடிச்சு. அட்டை ஓவியருக்கு அது பெரிய தலைவலி, ஏனென்றால் நாயகனே படத்தில் இல்லை. அந்தக் கையை எங்கே வைக்கிறார், யார் முகத்தில் பயத்தைக் காட்டுகிறார் என்பதில்தான் ஓவியரின் திறமை.

தமிழ்ப் பிரதிக்கு இங்கே அரிது என்ற மதிப்பு உண்டு. இந்தியா 1946 முதல் 1993 வரை தென்னாப்பிரிக்காவோடு வணிகம் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே அந்தக் காலத்துச் சிவகாசிப் புத்தகம் டர்பன் வீட்டில் இருந்தால், அது கடைச் சரக்காக வந்ததைவிட யாரோ ஒருவர் பெட்டியில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். உள்ளே பெயரோ ஊரோ எழுதியிருந்தால் அழிக்காதீர்கள்.

இது அசலா, பின்னால் அச்சிட்ட நகலா?

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்குங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் அதே கண்ணாடிதான். அட்டையின் ஓவியத்தைப் பார்க்காதீர்கள். விலை எண்ணையும் சின்னக் கறுப்பு எழுத்துகளையும் பாருங்கள். அசலில் அந்த எழுத்துகள் ஒரே கறுப்பு மையில், விளிம்பு கூராக, கட்டியாக இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த நகலில் அதே எழுத்து சிவப்பு, நீல, மஞ்சள் புள்ளிகள் சேர்ந்து உண்டானதாக இருக்கும். விளிம்பு ரம்பம்போலத் தெரியும். இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான நகல்கள் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது புற ஊதா டார்ச், 365 நானோமீட்டர். தாளை வெண்மையாக்கும் ஒளிர்பொருள்கள் காகிதத்தில் பரவியது 1950-ஐ ஒட்டி. 1930-களின் பல்ப் என்று சொல்லப்படும் ஒன்றின் வெள்ளைப் பகுதி இருட்டில் நீலமாக ஜொலித்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் ஒரு சின்னப் புள்ளி மட்டும் ஜொலித்தால் அது சோப்புத்தூளோ பிற்காலப் பசையோ ஆகலாம். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 1938, தன் வீட்டில் இருப்பதாகச் சொல்பவர்கள் முதலில் ஸ்கேலை எடுக்க வேண்டும். 1974-இல் வெளிவந்த பெரிய அளவு மறுபதிப்பு ஏறத்தாழ 10க்கு 13½ அங்குலம். அதற்கு வெளியே இன்னொரு தடித்த அட்டை இருந்தது; அதை உரித்துவிட்டால் உள்ளே அசல் அட்டையின் அச்சசல். அசல் புத்தகம் சுமார் 7¾க்கு 10½ அங்குலம்தான்.

டர்பன் ஈரக் காற்றில் எப்படி வைப்பது?

இணையத்தில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளுக்கானது. நம் பிரச்சினை வேறு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்; கடற்கரை ஊரில் கோடைக்காலம் முழுக்க அதற்கு மேல்தான். 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும்.

முதலில் ஒரு ஈரமானி வாங்குங்கள், வாங்கியதும் சோதியுங்கள். ஒரு சோடா மூடியில் சமையல் உப்பு நிரப்பி, சேறுபோல ஆகும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது. மூடியையும் மானியையும் காற்றுப் புகாத பையில் சேர்த்து அடைத்து ஒரு நாள் விடுங்கள். உள்ளே 75 சதவீதம் இருக்கும். மானி 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். மலிவு மானிகள் இந்த அளவுக்குத் தவறுவது சாதாரணம்.

பிறகு இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி. 60 லிட்டர் பெட்டிக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் அரை கிலோ, நிறம் மாறும் ஆரஞ்சு வகை. முதல் முறை ஒரே வாரத்தில் ஜெல் நிரம்பிவிடும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். காகிதமே தன் எடையில் கொஞ்சத்தைத் தண்ணீராக வைத்திருக்கிறது, ஜெல் முதலில் அதைத்தான் குடிக்கிறது. 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் அவன் அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்து மறுபடி போடுங்கள். பெட்டி கட்ட நல்ல காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மழையில்லாத ஒரு நாள். பிப்ரவரியில் கட்டினால் ஈரத்தையும் சேர்த்து உள்ளே பூட்டுகிறீர்கள்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம், சீலிங்குக்கு மேலே வேண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் மதியம் அடுப்பு மாதிரி. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், வீட்டின் நடுச்சுவர் பக்கம். சாமி ரூம் அலமாரியும் ஆகாது. கற்பூரப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் வழவழத் தாளில் மெல்லிய படலமாகப் படியும், துடைத்தால் மையோடு வரும்.

எந்த உறை நல்லது?

மைலார் எனப்படும் பாலியஸ்டர் உறை முதல் தரம். விலை அதிகம், ஆனால் ஒரு தடவை வாங்கினால் போதும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, அலை அலையாகத் தொடங்கியதும் மாற்றிவிட வேண்டும். பி.வி.சி. கூடவே கூடாது. புது ஷவர் திரைச்சீலை நாற்றம் அடித்தால் அது பி.வி.சி.; அதிலிருந்து கசியும் எண்ணெய் அட்டை மையை ஒட்டி எடுத்துவிடும். பல்புக்கு 8க்கு 11 அங்குல உறை எடுங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் ஓரம் மடங்காமல் இருக்க. பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றதாக இருக்கட்டும். செருப்புப் பெட்டியை வெட்டி வைத்தால் நாலைந்து வருடத்தில் பின்னட்டை பழுத்துவிடும். உறையின் வாயை டேப் போட்டு ஒட்டாமல் மடித்து மட்டும் விடுங்கள். வெளியே எடுக்கும்போது டேப்பில் சிக்கிக் கிழிந்த அட்டைகள் ஏராளம்.

வீட்டில் தண்ணீர் புகுந்து புத்தகங்கள் நனைந்துவிட்டன. இப்போது என்ன செய்வது?

2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு இங்கே யாருக்கும் இது கற்பனைக் கேள்வி அல்ல. எல்லோரும் செய்யும் தவறு, புத்தகத்தை வெயிலில் விரித்துக் காயப்போடுவது. அட்டையின் களிமண் பூச்சு ஈரத்தில் பசையாக இருக்கிறது. அடுக்கி வைத்தபடியே காய்ந்தால் ஓர் அட்டை இன்னொன்றோடு ஒட்டிக் கல்லாகிவிடும். பிறகு பிரித்தால் படம் பெயர்ந்து வரும். ஈரமாக இருக்கும்போது காப்பாற்றலாம், ஒட்டிக் காய்ந்த பிறகு ஏறக்குறைய முடியாது.

சேறு இருந்தால் புத்தகத்தை மூடிப் பிடித்தபடியே சுத்தமான தண்ணீரில் அமிழ்த்தி எடுங்கள். தேய்க்காதீர்கள், திறக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேக்கிங் பேப்பர் (கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாள்) வைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, தட்டையான தட்டில் படுக்கவைத்து ஃப்ரீஸருக்குள் வையுங்கள். இதெல்லாம் 48 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் முந்திக்கொள்ளும். உறைந்துவிட்டால் அவசரம் தீர்ந்தது, மாதக்கணக்கில் காத்திருக்கலாம். லோட் ஷெடிங் மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காமல் இருங்கள்.

பிறகு இரண்டு மூன்றாக வெளியே எடுங்கள். பனி இளகி இன்னும் ஈரமாக இருக்கும்போதே அட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவில் பேக்கிங் பேப்பரை நுழையுங்கள். பத்துத் தாளுக்கு ஒன்றாகப் பூ அச்சில்லாத வெள்ளைக் கிச்சன் டவல். முதல் நாள் மணிக்கு ஒரு தடவை மாற்றுங்கள். மின்விசிறி ஓடட்டும், ஆனால் புத்தகத்தைப் பார்த்து அல்ல. ஹேர் டிரையர் வேண்டாம். அட்டை ஒரு வேகத்திலும் உள்தாள் ஒரு வேகத்திலும் சுருங்கி முதுகு பிளக்கும். தொட்டால் குளிர்ச்சி தெரியாத நிலை வந்ததும், இரண்டு வழவழப் பலகைக்கு நடுவில் வைத்து ஐந்து கிலோ அரிசி மூட்டையை மேலே ஏற்றி ஒரு வாரம் விடுங்கள்.

கிழிந்த அட்டையை செல்லோடேப் போட்டு ஒட்டலாமா?

கூடாது. பத்து இருபது வருடத்தில் டேப் உதிர்ந்துவிடும், அதன் கோந்து மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கியிருக்கும். அந்தக் கறையை வீட்டில் எடுக்க வழியில்லை. முன்னமே ஒட்டிய பழைய டேப் கெட்டியாக இருந்தால் உரிக்காதீர்கள், படமும் கூட வரும். பிசுபிசுப்பாக இருந்தால் மேலே ஒரு துண்டு பேக்கிங் பேப்பர் வைத்து, பக்கத்துத் தாளில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கிழிசலுக்குச் சரியான பொருள் கோதுமை ஸ்டார்ச் பசையும் ஜப்பானிய டிஷ்யூ தாளும். கோதுமை மாவு அல்ல, மைதாவும் அல்ல. மாவில் உள்ள குளூட்டன் பழுக்கும், பூச்சியையும் கூப்பிடும். ஒரு பங்கு ஸ்டார்ச்சை ஐந்து பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். சிறு தீயில் கைவிடாமல் கிளறினால் இருபது முப்பது நிமிடத்தில் வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல ஆகும். ஆறவைத்து இரண்டு முறை வடிகட்டுங்கள். டிஷ்யூவைக் கத்தரிக்காமல், ஈரத் தூரிகையால் கோடு இழுத்துக் கையால் பிய்த்தெடுங்கள். நார் நீட்டிக்கொண்டிருந்தால்தான் ஓரம் தெரியாது. 8 மில்லிமீட்டர் அகலம் போதும். பசையை டிஷ்யூவில் மெல்லத் தடவி அட்டையின் உள்பக்கத்தில் மட்டும் ஒட்டுங்கள். பசை தண்ணியாக இருந்தால் முன்பக்கத்தில் பளபளப்பு செத்து வட்டமாகத் தெரியும். மேலே வெள்ளை ஒற்றுத்தாள் வைத்து ஒரு நாள் பாரம் ஏற்றுங்கள். முதலில் மதிப்பில்லாத புத்தகம் ஒன்றில் பழகிக்கொள்வது நல்லது. விற்கும்போது ஒட்டியதைச் சொல்லிவிட வேண்டும்; சொல்லாமல் விற்பது ஏமாற்று.

பின் துருப்பிடித்து அட்டையில் கறை இறங்குகிறது. மாற்றலாமா?

கடல் காற்றில் இது தவிர்க்க முடியாதது. காமிக்ஸில் பின் அட்டையைத் தொட்டுக்கொண்டிருப்பதால் துரு நேரே படத்துக்குள் இறங்கும். மேலாகத் துரு இருந்து தாள் உறுதியாக இருந்தால், பெட்டியை உலர்வாக வைத்தாலே நின்றுவிடும். தாளே அரிக்கத் தொடங்கினால் நடுப்பக்கத்தைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் பின்னின் கால்களை நிமிர்த்தி, வெளியே இருந்து நேராக இழுங்கள். திருகினால் துளை கிழியும். பழைய துளை வழியாகவே துருப்பிடிக்காத எஃகுப் பின்னைக் கையால் செருகி மடக்குங்கள். எலுமிச்சைச் சாறு விட்டால் கறை போகும் என்று சொல்பவர் உண்டு. கறையோடு வண்ணமும் போகும், அமிலம் தாளிலேயே தங்கும்.

ராமபாணப் பூச்சி அரிக்கிறது. பாச்சை உருண்டை போடலாமா?

வேண்டாம். நாற்றம் தாளில் ஏறினால் போகாது, சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். பூச்சி விரும்புவது முதுகுப் பசையையும் அட்டைப் பூச்சையும்; அட்டையின் மேல்தோல் மட்டும் சுரண்டியதுபோல இருந்தால் அதன் வேலைதான். புத்தகத்தைப் பையில் காற்றில்லாமல் அடைத்து, வீட்டு ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த அட்டைமேல் டர்பன் காற்று வியர்வையாகப் படியும்.

அட்டையில் 'புக் எக்ஸ்சேஞ்ச்' கடை முத்திரை இருக்கிறது. அழிக்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். ஸ்பிரிட் தொட்டால் முத்திரை மைக்கு முன்னால் அட்டை மை கரையும். தவிர, கடைப் பெயரும் தெருப் பெயரும் உள்ள முத்திரை, அந்தப் புத்தகம் இந்த ஊரில் கைமாறியதற்கு அத்தாட்சி. கிரே ஸ்ட்ரீட் என்று முத்திரை இருந்தால், அது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் ஆவதற்கு முன் என்றும் தெரிகிறது. விலை குறையலாம். குறைந்தால் குறையட்டும்.

புகைப்படக் கதைப் புத்தகங்களும் இதில் சேருமா?

சேரும், கவனிப்பாரில்லாமல் இருக்கின்றன. நடிகர்களை நிற்கவைத்துப் படமெடுத்து, பேச்சுக் குமிழி போட்ட கதைகள் அவை. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி 1976 ஜனவரியில்தான் வந்தது. அதுவரை இவைதாம் வீட்டுக்குள் வந்த சினிமா. 'டெஸ்ஸா', 'ருய்ட்டர் இன் ஸ்வார்ட்' போன்றவை ஆஃப்ரிகான்ஸில். அட்டை மெல்லிய தாளில் வண்ணப் புகைப்படம், உள்ளே ஒரே நிறம். அட்டை மெல்லியது என்பதால் முதுகு மடிப்பில் வண்ணம் முதலில் உதிரும், படுக்கவைத்தே வையுங்கள். எந்தெந்த இதழ் வந்தது என்று சரிபார்க்க, நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சேரும் நூலகங்களில் ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்கிலேயே, மசுண்டூசி நகராட்சி நூலகமாக இருக்கிறது.

அந்தக் காலத்தில் தடை செய்த இதழை வைத்திருந்தால் பிரச்சினை வருமா?

1963, 1974 ஆகிய ஆண்டுகளின் தணிக்கைச் சட்டங்கள் இன்று இல்லை. 1974 சட்டத்தை 1996-இன் திரைப்பட, வெளியீட்டுச் சட்டம் நீக்கிவிட்டது. பழைய துப்பறியும் பல்பையோ திகில் காமிக்ஸையோ வைத்திருப்பதில் பயம் வேண்டாம்.

அட்டையை ஸ்கேன் செய்வது எப்படி? கோடு கோடாக வருகிறதே?

அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனர் புள்ளிகளும் மோதுவதால் வரும் அலைக்கோடு அது. 300 டி.பி.ஐ.யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், எடுத்தால் மோசமாக வரும். 600 டி.பி.ஐ.யில் எடுத்து, மென்பொருளில் ஒரு சிட்டிகை மங்கலாக்கி, பிறகு 300-க்குக் குறையுங்கள். காமிக்ஸ் அட்டை ஒன்று 600-இல் ஏறக்குறைய 4000க்கு 6150 பிக்சல், டிஃப் கோப்பாக 70 மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல். அசல் கோப்பைத் தொடாமல் வைத்து, நகலில் வேலை செய்யுங்கள். அட்டைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வைத்தால் உள்பக்க எழுத்து முன்னால் தெரியாது. மூடியை அழுத்தாதீர்கள், காய்ந்த முதுகு அந்த அழுத்தத்தில்தான் உடையும். நிறத்தை 'சரி'செய்யும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மஞ்சளேறிய வெள்ளையும் அந்தப் புத்தகத்தின் வயதுதான்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாமா?

ஸ்கேன் எடுத்த நகலை மாட்டுங்கள். வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். நீலம் பாய்ந்த அட்டைகள் நம் வரவேற்பறைகளில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

அட்டைப்படத்தை டி-ஷர்ட்டில் அடித்து விற்கலாமா?

பழையது என்பதாலேயே உரிமை போய்விடாது. இங்கே ஓவியத்துக்குப் பதிப்புரிமை, ஓவியர் இறந்து 50 ஆண்டு வரை. அமெரிக்காவில் அந்தக் காலத்து வெளியீடுகளுக்கு, முறைப்படி புதுப்பிக்கப்பட்டிருந்தால் 95 ஆண்டு. பல பல்ப் இதழ்களுக்கு யாரும் புதுப்பிக்கவில்லை, ஆனால் அதை இதழ் இதழாகச் சரிபார்க்க வேண்டும். ஃபேண்டம், சூப்பர்மேன் போன்ற பாத்திரங்களுக்கு வணிகச் சின்ன உரிமை வேறு.

ஜோஹன்னஸ்பர்கில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப வேண்டும். எப்படிக் கட்டுவது?

உறையில் போட்ட புத்தகத்தை, அதைவிட நாலு பக்கமும் ஒரு அங்குலம் பெரிதான இரண்டு நெளி அட்டைக்கு நடுவில் வையுங்கள். அட்டைகளின் நெளிவு ஒன்று நெடுக்காகவும் மற்றது குறுக்காகவும் இருந்தால் வளையாது. டேப் அட்டையோடு அட்டைக்கு மட்டும், உறைமேல் படக்கூடாது. முழுவதையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, பிறகு பெட்டியில். அனுப்புவதற்கு முன் இரண்டு பக்க அட்டையையும் முதுகையும் படம் எடுத்து வையுங்கள்.

அங்கே குளிர்காலக் காற்று வறண்டது. கடற்கரையில் ஊறிப் பழகிய தாள் அங்கே திடீரெனத் திறந்தால் ஓரம் சுருண்டு முதுகு வெடிக்கும். வந்த பெட்டியை இரண்டு நாள் அப்படியே அறையில் வைத்துவிட்டுப் பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்ததும் அன்றைக்கே புரட்டிப் பார்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.